போர் நடந்தபோது போர்க்கப்பலில் இருந்த யாராவது இங்கே உண்டா? நேரில் என்ன பார்த்தீர்கள்?

உண்டு, நான் இருந்தேன். 1971 டிசம்பர், இந்தியா-பாகிஸ்தான் போர், ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பல். நேரில் என்ன பார்த்தேன் என்றால், ஒன்றும் பார்க்கவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேட்டவர் கடற்படைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி என்று வைத்துக்கொள்கிறேன். மேல்தளத்தில் நின்று, தூரத்தில் துறைமுகம் எரிவதைப் பார்த்திருப்பேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நான் ஸ்டோக்கர், பாய்லர் பார்க்கிற ஆள். 16 வயதில் சேர்ந்து, விசாகப்பட்டினத்தில் பயிற்சி, அப்புறம் லோனாவலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சித்தளம். போர் வந்தபோது எனக்கு 20 வயது. என் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே. ஆயிரம் பேருக்கு மேல் இருந்த அந்தக் கப்பலில் கடலைப் பார்த்துக்கொண்டே சண்டை போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

போன வருடம் சுதந்திர தினத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பாய்லரைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். பக்கத்தில் நின்ற ஆசிரியர் காதில் வந்து, "சார், குண்டு போட்டதைப் பத்திச் சொல்லுங்க" என்றார். குண்டு போட்டது விமானம். நான் போட்டது எண்ணெய். அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கோபத்தில்தான் இந்தப் பதில் நீளமாகப் போகிறது.

விக்ராந்தில் நாலு பாய்லர். அதில் ஒன்றின் நீர் டிரம்மில் விரிசல், வெல்டிங் வைத்து அடைக்க முடியாத விரிசல். மாற்று டிரம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், வரவில்லை. 1965 போரிலேயே இந்தக் கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்பில் கிடந்தது. இந்தத் தடவையும் உட்கார்ந்திருந்தால் எதற்குத்தான் இந்தக் கப்பல் என்று கேட்பார்களே. கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தா போகட்டும் என்றார். கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் கொண்டுபோனார். 24 நாட் (மணிக்கு 24 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓட வேண்டிய கப்பல், மூன்று பாய்லரில் 16 நாட் பக்கம் நொண்டியது.

மெதுவாகப் போனால் என்ன என்று கேட்கலாம். விமானம் தாங்கிக் கப்பல் காற்றை எதிர்த்து ஓடினால்தான் விமானம் மேலே எழும்பும். டிசம்பரில் வங்காள விரிகுடாவில் சில நாள் காற்றே இருக்காது. கப்பலுக்கும் வேகம் இல்லை என்றால் மிச்சத்தை கட்டபுல்ட் கொடுக்க வேண்டும். கட்டபுல்ட் என்பது விமானத்தைக் கவண் போல இழுத்து எறிகிற சாதனம். அது ஓடுவதும் எங்கள் நீராவியில்தான். ஒவ்வொரு தடவை அது அடிக்கும்போதும் மேலே 'தட்' என்று ஒரு அதிர்ச்சி, உடனே பிரஷர் கேஜில் முள் இறங்கும். முள் இறங்கினால் எண்ணெய் பீய்ச்சுகிற ஸ்ப்ரேயரைக் கூட்ட வேண்டும். எண்ணெய் கூடிக் காற்று குறைந்தால் புகைபோக்கியில் கரும்புகை, காற்று கூடினால் வெள்ளைப்புகை. இரண்டுமே பல மைல் தூரத்திலிருந்து நம்மைக் காட்டிக்கொடுக்கும். மேலேயிருந்து போனில் வண்டை வண்டையாகத் திட்டு விழும். இதற்கு நடுவில் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் வேறு. அது கண்ணாடியை விட்டு இறங்கினால் பாய்லர் போச்சு, நாங்களும் போச்சு. ஆக, அந்தப் போரில் நான் கண் இமைக்காமல் பார்த்தது ஒரு முள்ளையும் ஒரு கண்ணாடிக் குழாயையும்தான்.

சூடு 45 டிகிரிக்குக் குறைந்து எனக்கு ஞாபகமில்லை. உப்பு மாத்திரையும் எலுமிச்சைத் தண்ணீரும் கொடுப்பார்கள்.

டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் நம் விமானதளங்களைத் தாக்கியது. மறுநாள் முற்பகலில் 'ஆக்‌ஷன் ஸ்டேஷன்ஸ்' என்று பைப் வந்தது (ஒலிபெருக்கி அறிவிப்பை நாங்கள் பைப் என்போம்). வெள்ளைத் துணி முகமூடி, கையுறை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். எங்கள் தலைக்கு மேலே ஹேட்ச்சை, அதாவது இறங்குகிற வழியின் இரும்பு மூடியை, மூடி கிளிப் போடுகிற சத்தம் கேட்டது. எட்டு சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்கு பாகிஸ்தானில், இன்றைய பங்களாதேஷில், இருக்கும் காக்ஸ் பஜாருக்குப் போயின, பிற்பகலில் சிட்டகாங். அடுத்த நாட்களில் குல்னா, மோங்லா. இரவில் அலிஸே விமானங்கள். எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த பெயர்கள். அன்றைக்கு எனக்கு அது எட்டுத் தடவை 'தட்'. அவ்வளவுதான்.

'படையெடுப்பு' என்று எழுதினால் ஒருவர் வருவார், 'விடுதலைப் போர்' என்று எழுதினால் இன்னொருவர் வருவார். நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. கடல்வழியாகப் படை இறக்கியதையும் கேட்பீர்கள் என்பதால் ஒரு வரி: டிசம்பர் நடுவில் காக்ஸ் பஜாரில் கூர்க்கா வீரர்களை இறக்கினார்கள். கப்பல் மணல்திட்டில் தட்டி நின்றது. திட்டுக்கு அப்பால் ஆழம். எதிரியே இல்லாத கரையில் இரண்டு பேர் மூழ்கிப் போனார்கள். எங்கள் கப்பலுக்கு அதில் வேலை இல்லை.

பயம் இருந்ததா? இருந்தது, குண்டுக்கு அல்ல, நீர்மூழ்கிக்கு. பாகிஸ்தான் நீர்மூழ்கி பி.என்.எஸ். காஸி எங்களைத் தேடித்தான் வந்திருக்கிறது என்று மெஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். டார்பிடோ அடித்தால் முதலில் தண்ணீர் வருவது எங்கள் இடத்துக்குத்தான். காஸி 3ஆம் தேதி நள்ளிரவிலேயே விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிவிட்டது. அரசு அறிவித்தது 9ஆம் தேதி. நடுவில் அத்தனை நாளும் செத்த பாம்புக்குப் பயந்துகொண்டிருந்தோம். ஐ.என்.எஸ். ராஜ்புத் மூழ்கடித்தது என்பது நம் தரப்பு, சொந்தக் கண்ணிவெடியில் போனது என்பது அவர்கள் தரப்பு. என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். நான் அங்கே இல்லை.

காஸி மூழ்கிய செய்தி வந்தபோது மெஸ் டெக்கில் கத்தித் தீர்த்தோம். நானும் கத்தினேன். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கிப் போன செய்தி வந்தது. 9ஆம் தேதி இரவு, டையூவுக்கு அப்பால், ஹாங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி அடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், அவருக்கு என் சல்யூட். ஆனால் லோனாவலாவில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவன் குக்ரியில் ஸ்டோக்கர். சோப்பு வாங்கவே மாட்டான், என் சோப்பைத்தான் தேய்ப்பான். ஹேட்ச் மூடியிருந்திருக்கும். காஸியிலும் எங்களைப் போல எஞ்சின் பார்த்த பையன்கள் இருந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இதை எழுதியதற்கு தேசத்துரோகி என்று யாராவது வருவீர்கள். வாருங்கள்.

இவ்வளவு எழுதியதில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடிருப்பதை பென்ஷனுக்காக நிரூபிக்க வேண்டும். வங்கியில் மெஷின் என் விரலை எடுக்காது. சூடான வால்வு சக்கரத்தை வருடக்கணக்கில் திருகிய விரல், ரேகை தேய்ந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண், "தாத்தா, கையை நல்லா துடைச்சிட்டு வைங்க" என்று ஆறு தடவை சொன்னது. ஆறு தடவையும் துடைத்தேன். பிறகு, நாளைக்கு வாங்க. கப்பலை 1997இல் ஓய்வு கொடுத்து, கொஞ்ச காலம் மும்பையில் அருங்காட்சியகமாக வைத்து, 2014இல் உடைத்துவிட்டார்கள். அந்த இரும்பை உருக்கிச் சேர்த்து பஜாஜ் பைக்கே வந்தது. எங்கள் தெருவில் ஒன்று நிற்கிறது. அதற்குக்கூட ஆர்.சி. புத்தகம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போருக்கு முன்னால் எங்களை வட அந்தமானில் போர்ட் கார்ன்வாலிஸில் ஒளித்து வைத்திருந்தார்கள். ரகசியப் பெயர் 'போர்ட் எக்ஸ்-ரே'. சுற்றிலும் காடு. கப்பல் விசாகப்பட்டினம் பக்கம் இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்க, கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் ஒரு நாடகம் போட்டார். ஊர் கான்ட்ராக்டர்களிடம் மூட்டை மூட்டையாகக் காய்கறியும் கறியும் ஆர்டர். ராஜ்புத், விக்ராந்த் போல நடித்து வயர்லெஸ்ஸில் பேசியது. அதோடு, விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி, உடம்பு சரியில்லாத தன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கிற மாதிரி, யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கும்படி ஒரு செய்தி அனுப்பினார்கள். அப்படி ஒரு மாலுமியும் இல்லை, அம்மாவும் இல்லை.

இது எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து. படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. போர் யுக்தியைக் குறை சொல்லவில்லை, அதனால்தான் நான் பிழைத்திருக்கிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் நிஜமான அம்மா ஒருத்தி திருச்செந்தூர் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு என்னிடமிருந்து ஆறு வாரம் கடுதாசி போகவில்லை. தினமும் தபால்காரரை வழிமறித்திருக்கிறாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்தாராம்.

16ஆம் தேதி டாக்காவில் சரணடைந்தார்கள். விக்ராந்த் ஆட்களுக்கு இரண்டு மகாவீர் சக்ராவும் பன்னிரண்டு வீர் சக்ராவும் கிடைத்தன. எனக்கு மாசியில் லீவு கிடைத்தது. வீட்டு வாசலில் அம்மா மொட்டைத் தலையோடு நின்றாள். முருகனுக்கு நேர்ந்து, நான் வந்து சேரும் முன்பே போய் முடி கொடுத்துவிட்டாள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"சண்டைய பாத்தியால?"

"இல்லம்மா. நான் கப்பலுக்குக் கீழ இருந்தேன்."

"அடியிலயா?"

"ஆமா."

"நல்லவேள," என்றாள். "மேல நின்னாத்தான குண்டு படும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.