காசியில் எங்கே தங்கலாம்?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு நான்கு நாள் காசிக்குப் போகிறோம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. தினமும் கங்கையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கணவர் ஸ்டேஷன் பக்கம் ஹோட்டல் எடுக்கலாம் என்கிறார். மகன் மணிகர்ணிகா அருகில் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறான். எது நல்லது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம், சகோதரி. அனுமான் காட், கேதார் காட் பக்கம் தங்குங்கள். (காட் என்றால் கங்கைப் படித்துறை.)

ஸ்டேஷன் பக்கம் வாசல் வரை கார் வரும், அறையும் விசாலமாக இருக்கும். ஆனால் கங்கைக்குப் போக ஒவ்வொரு முறையும் நெரிசலில் ஊரைக் கடக்க வேண்டும். அம்மா ஒருநாள் வருவார். மறுநாள், "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்.

மணிகர்ணிகா இரவும் பகலும் சிதை எரியும் இடம். சந்துகளுக்குள் ஆட்டோ போகாது. என் மாமியாரை அழைத்துப் போனபோது, "விசுவநாதர் கோயிலுக்கு ஐந்து நிமிஷம்" என்றார்களே என்று அந்தப் பக்கம்தான் அறை எடுத்தேன். ஆட்டோ கோதௌலியா நாற்சந்தியிலேயே இறக்கிவிட்டது. ஈரமான கல் பாவிய சந்தில், ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு நடந்தார். அறையோ மூன்றாவது மாடி. மறுநாள் அவர் கீழே இறங்கவே இல்லை. அறை எடுத்த என் மேல்தான் தப்பு. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்.

அனுமான் காட்டில் அந்தக் கஷ்டம் குறைவு. கங்கைக்கு இணையாகப் போகும் சோனார்புரா ரோடு வரை ஆட்டோ வரும். அங்கிருந்து சின்னச் சந்துதான். காதில் தமிழ் விழும், இட்லி கிடைக்கும், நம் சாஸ்திரிகளும் இருக்கிறார்கள். பாரதியார் 1898-இல் காசிக்குப் போய் அத்தை வீட்டில் தங்கியதும் இங்கேதான். கேதார் காட்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிறது. பக்கத்தில் கேதாரேஸ்வரர் கோயில். சுவரில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பதைப் பார்த்ததும், "அட, நம்ம ஊர் கோயில் மாதிரியே!" என்பார் அம்மா.

இரண்டு விஷயம் மட்டும். இந்த இரண்டு படித்துறைக்கும் நடுவே அரிச்சந்திரா காட். அங்கேயும் தகனம் உண்டு. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், கேதார் காட் படிகள் செங்குத்தானவை. தினமும் கங்கையைப் பார்க்க ஆட்டோவில் அஸ்ஸி காட்டுக்கு அழைத்துப் போங்கள். ரோடு கிட்டத்தட்ட கரை வரை வரும், இடமும் அகலம். உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் போன் செய்து கேளுங்கள்: ஆட்டோ எங்கே நிற்கும், அங்கிருந்து அறை வரை எத்தனை படி, தரைத்தளத்தில் அறை இருக்கிறதா, வெந்நீர் வருமா. "கிட்டத்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள், படியை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஜனவரியில் அங்கே குளிர் கடுமை. மூடுபனியில் ரயில் பல மணி நேரம் தாமதமாகலாம். அதனால் முதல் நாள் மாலைக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அம்மா கொஞ்சம் தூங்கி எழட்டும்.