இடுப்பில் ஒட்டினால் கடிக்கத்தான் செய்யும்

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறேன். வயது 54, மாதவிடாய் நின்றுவிட்டது. டாக்டர் தோலில் ஒட்டக் கொடுத்த ஹார்மோன் பேட்ச் இடுப்பில் சிவந்து அரிக்கிறது. வேறு பிராண்ட் வாங்கலாமா?

முதலில் இடத்தை மாற்றுங்கள் அம்மா. இடுப்பு என்றால் கைலி முடிச்சு உரசும் இடம். செம்பனைக் காட்டு வேர்வையும் சேர்ந்தால் எந்த பேட்ச்சும் கடிக்கும். அடிவயிற்றிலோ புட்டத்திலோ ஒட்டுங்கள். மார்பில் கூடவே கூடாது. ஒட்டிய இடத்துக்கு ஒரு வாரத்துக்குள் திரும்ப வராதீர்கள். குளித்து, துடைத்து, வேர்வை அடங்கிய பிறகு ஒட்டுங்கள். எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

லேசான சிவப்பு ஓரிரு நாளில் மறைந்தால் கவலையில்லை. கொப்புளம் வந்தாலோ, அரிப்பு பேட்ச்சைத் தாண்டிப் பரவினாலோ கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள். பழைய வகையில் மருந்து ஆல்கஹாலோடு சிறு பையில் இருக்கும். அதில் எரிச்சல் அதிகம். பசையிலேயே மருந்து கலந்த மெல்லிய வகையில் குறைவு. அதுவும் ஒத்துவராவிட்டால் தடவும் ஜெல் இருக்கிறது. எதை மாற்றினாலும் டாக்டர் எழுதித் தரட்டும்.

வாரம் இருமுறை மாற்றச் சொன்ன பேட்ச்சை, மிச்சம் பிடிக்க ஏழு நாள் விடலாமா?

கூடாது. ஏழு நாள் பேட்ச் தனியாக இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'ஹார்மோன் பேட்ச்' என்று 180 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். தோல் புண்ணாகிவிட்டது. பெட்டியில் 'டி' (T) என்று முடியும் எண். விற்றவர் பணம் தர மறுக்கிறார். வெளியில் சொல்லவே வெட்கம்.

வெட்கம் விற்றவருக்கு வரவேண்டும். நானும் ஒரு தீபாவளிச் சந்தையில் 60 ரிங்கிட் கொடுத்து முழங்கால் மூலிகைப் பிளாஸ்டர் வாங்கியவள்தான். வலி இருந்தது, தோல் போனது.

எத்தனை முறை எழுதுவது! மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி, 8 இலக்கமும் ஓர் எழுத்துமாக ஒரு பதிவு எண் இருக்கும். 'ஏ' (A) என்றால் கட்டுப்பாட்டு மருந்து, 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. ஹார்மோன் பேட்ச்சில் 'டி' வரவே வராது. அது டாக்டர் சீட்டோடு கிளினிக்கிலோ பார்மசியிலோ வாங்குவது; குழம்புத்தூள் விற்கும் வாட்ஸ்அப் குழுவில் அல்ல. பெட்டியில் மின்னும் ஹோலோகிராம் லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, இனி பணம். பெட்டி, வங்கி ரசீது, உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுங்கள். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று வருட அவகாசம் உண்டு, வக்கீல் வேண்டாம். புண்ணுக்கு அங்கே நஷ்டஈடு கிடையாது. கொடுத்த காசைக் கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிலும் புகார் கொடுங்கள்.

கருப்பை எடுத்த அண்ணி மிச்சம் வைத்த பேட்ச்சை நான் ஒட்டலாமா?

அண்ணியின் சேலையைக் கட்டுங்கள், பேட்ச்சை விடுங்கள். கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனோடு புரொஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும்; கருப்பை எடுத்தவரின் பேட்ச்சில் அது பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் கருப்பை உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

கழற்றிய பிறகு பசை கறுப்பாக ஒட்டியிருக்கிறது.

தேங்காய் எண்ணெய் தடவி, ஊறியதும் துடையுங்கள். அடுத்ததை அங்கேயே ஒட்டாதீர்கள்.