இரண்டு குரூப் மெஷினுக்கு எந்த கிரைண்டர்?

கேள்வி: கோயம்புத்தூரில் 20 பேர் உட்காரும் அளவில் ஒரு காபிக் கடை திறக்கப் போகிறேன். இரண்டு குரூப் (காபி இறங்கும் இரண்டு தலை) உள்ள எஸ்பிரெசோ மெஷினுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. தினமும் 150 கப் எதிர்பார்க்கிறேன். அதில் பாதி காலை 8 மணியிலிருந்து 9.30 மணிக்குள் போய்விடும். மெஷின் விற்பவர் 50 மி.மீ. பர் (கொட்டையை அரைக்கும் பல் வைத்த எஃகு வளையம்) உள்ள சிறிய கிரைண்டர் ஒன்றை இலவசமாகவே தருகிறேன் என்கிறார். அது போதுமா? இங்குள்ளவர்கள் சிக்கரி ருசிக்குப் பழகியவர்கள். சிக்கரியையும் சேர்த்து அரைக்கலாமா?

பதில்: போதாது. சிக்கரியும் கூடாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறோம்.

எஸ்பிரெசோ மெஷின் செய்வது இரண்டே வேலை. தண்ணீரை 90 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் வைத்திருக்கிறது, அதைச் சுமார் 9 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தி, மெதுவாக விடுவது தூள்தான். 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்றால், அந்த நேரத்தைத் தீர்மானிப்பது தூளின் நைஸ். பர்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாறினாலும் காபி இறங்கும் நேரம் மாறிவிடும். வீட்டு ஃபில்டரில் டிகாக்ஷன் தன் போக்கில் கால் மணி நேரம் சொட்டுகிறது. தூளில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் சமாளித்துவிடும். எஸ்பிரெசோவில் அதற்கு இடமே இல்லை. அதனால்தான் பணம் குறைவாக இருந்தால் மெஷினில் ஒரு படி இறங்கி, கிரைண்டரில் ஒரு படி ஏறுங்கள் என்கிறோம்.

ஒரு நாளைய கணக்கைப் பார்க்காதீர்கள், கூட்ட நேரக் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் 75 கப் என்றால் மணிக்கு 50 கப், அதாவது கப்புக்கு 18 கிராம் வீதம் மணிக்கு 900 கிராம் கொட்டை. 50 மி.மீ. பர் 18 கிராம் அரைக்கப் பல மாடல்களில் 12 முதல் 15 வினாடி எடுக்கும். நின்று நின்று ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சின்ன மோட்டார் அது. இந்த வேகத்தில் அரை மணி நேரத்திலேயே பர் சூடாகிவிடும், சில மாடல்களில் தெர்மல் கட்-அவுட் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) விழுந்து மோட்டார் நின்றேவிடும். அதுவும் சரியாக வரிசை நீளமாக நிற்கும் நேரத்தில்.

உங்கள் கடைக்குக் குறைந்தபட்சம் 64 மி.மீ. ஃபிளாட் பர் (தட்டையான ஜோடி வளையம்) வேண்டும். மேஸர் சூப்பர் ஜாலி, ஃபியோரென்சாட்டோ எஃப்64 போன்றவை இந்த வகை. 18 கிராமுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 வினாடி ஆகும். கைக்கு எட்டினால் 75 முதல் 83 மி.மீ. வரை போங்கள்: மித்தோஸ் ஒன்னில் 75, மால்கோனிக் இ80-இல் 80, மேஸர் மேஜரில் 83 மி.மீ. வேகத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தினம் 2.7 கிலோ என்றால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 985 கிலோ. 64 மி.மீ. சாதா எஃகு பர் பொதுவாக 300-400 கிலோவில் கூர் மழுங்கிவிடும், ஆக வருஷத்துக்கு இரண்டு மூன்று ஜோடி வாங்க வேண்டும். 83 மி.மீ. பர் 600 கிலோ அளவுக்குத் தாங்கும். டைட்டானியம் பூச்சு உள்ளவை இன்னும் கூடுதலாக உழைக்கும். விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். மேஸர் ரோபர் போன்ற கோனிக்கல் (கூம்பு வடிவ) பர் கிரைண்டர்கள் நிமிஷத்துக்கு 400 சொச்சம் சுற்றில் மெதுவாகச் சுற்றுவதால் சூடு குறைவு, ஆனால் விலையும் எடையும் அதிகம். 150 கப்புக்கு அது கட்டாயமில்லை.

டோசரா, ஆன் டிமாண்டா? ஒவ்வொரு கப்புக்கும் அப்போதே அரைக்கும் ஆன் டிமாண்ட்தான். முன்கூட்டியே அரைத்து வைத்து அளந்து தள்ளும் டோசர் வகையில் அரைத்த தூள் அறையில் தங்கி ஆறிப் பழசாகும். அதிலும் மதியம் 3 மணிக்கு ஒருவர் வந்து கேட்டால், அவருக்குப் போவது எப்போதோ அரைத்த தூளாக இருக்கும். டோசர் ஒரு இழுப்புக்கு 6, 7 கிராம் என்று அளப்பதும் அறை நிறைந்திருக்கும்போதுதான் சரியாக இருக்கும். படிகள் இல்லாமல் வழுக்கிச் சுற்றும் காலர் (நைஸை மாற்றத் திருகும் வளையம்) உள்ளதா என்றும் பாருங்கள். படிப்படியாக நகரும் வகையில், ஒரு படியில் 22 வினாடி, அடுத்த படியில் 34 வினாடி என்று நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

வாங்கும் முன் ஷோரூமில் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் கடையில் பயன்படுத்தப் போகும் கொட்டையையே ஒரு கிலோ எடுத்துப் போங்கள், 0.1 கிராம் துல்லியமுள்ள தராசும் கொண்டு போங்கள். இடைவெளி விடாமல் பத்து டோஸ் (ஒரு டோஸ் என்பது ஒரு முறைக்கான தூள்) அரைக்கச் சொல்லி ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். முதல் இரண்டை விட்டுவிடுங்கள். மீதி எட்டும் ஒன்றுக்கொன்று அரை கிராமுக்குள் இருந்தால் நல்ல கிரைண்டர். அதற்கு மேல் போனால் அந்த மாடலை விட்டுவிடலாம். பிறகு அந்த மாடலின் பர், கெப்பாசிட்டர் இரண்டும் இந்தியாவில் கையிருப்பில் கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டவும் பேரிங் மாற்றவும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பர் ஒவ்வொரு மாடலுக்கும் தனி. அது இத்தாலியிலிருந்து வரும் வரை கடையை மூடி வைக்க முடியாது.

மின்சாரம்: 64 மி.மீ. கிரைண்டர் 350 வாட், 83 மி.மீ. 650 வாட் அளவில் இழுக்கும். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மெஷின் இருக்கும் பாயிண்டிலேயே சேர்த்து மாட்டாமல் எர்த்துடன் தனி பாயிண்ட் போடுங்கள். வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது மோட்டார் சுற்றாமல் 'உம்' என்று உறுமும். உடனே அணைத்துவிட வேண்டும், அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகை மட்டும்.

இனி, வாங்கியபின் பெரும்பாலான கடைகள் தடுமாறும் இடம்: டயல் இன், அதாவது டோஸையும் நைஸையும் சரிப்படுத்துவது.

பாஸ்கெட்டில் (தூள் போடும் சல்லடைக் கிண்ணம்) எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அதை ஒட்டியே டோஸ் வையுங்கள். 18 கிராம் பாஸ்கெட்டில் 17 முதல் 19 வரை. டோஸை முதலில் நிலைப்படுத்திய பிறகுதான் நைஸைத் தொட வேண்டும். 18 கிராம் போட்டு 36 கிராம் காபி 17 வினாடியில் இறங்கிவிட்டது என்று வையுங்கள். தூள் பெரிது, நைஸாக்க வேண்டும். நைஸாக்கும்போது எப்போதும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றிருக்கும்போது காலரைத் திருகினால் பர்களுக்கு நடுவே கிடக்கும் துண்டுகள் நசுங்கி இறுகிவிடும், அடுத்த முறை மோட்டார் திணறும். பெரிதாக்குவதை மோட்டார் நின்றிருக்கும்போதும் செய்யலாம்.

காலரைத் திருகியதும் வரும் முதல் தூள் பழைய அளவில் அரைத்தது. பர் அறையிலும் வாயிலும் சில கிராம் எப்போதும் தங்கியிருக்கும். ஒரு டோஸ், பெரிய கிரைண்டரானால் இரண்டு டோஸ், அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் ஷாட் (ஒரு முறை இறக்கும் எஸ்பிரெசோ) போட்டுப் பார்க்க வேண்டும். கொட்ட மனம் வராமல் அந்தத் தூளிலேயே ஷாட் போட்டு, "திருகியும் மாறவில்லையே" என்று மேலும் திருகுபவர்கள் நிறைய. இரண்டு ஷாட் கழித்து மெஷினிலிருந்து சொட்டுக்கூட இறங்காது.

அதைவிடப் பெரிய பொறி இன்னொன்று. ஆன் டிமாண்ட் கிரைண்டர்களில் பெரும்பாலானவை எடை பார்ப்பதில்லை, நேரம்தான் பார்க்கின்றன. 6 வினாடிக்கு 18 கிராம் என்று வைத்திருக்கிறீர்கள். நைஸாக்கினால் பர் இடைவெளி குறையும், அதே 6 வினாடியில் விழும் தூளும் குறையும். எடை போட்டால் 17.1 கிராம்தான் இருக்கும். தூள் குறைந்தால் தடையும் குறையும், ஷாட் மறுபடி வேகமாக ஓடும். பரிஸ்டா (காபி போடுபவர்) மறுபடி நைஸாக்குவார், டோஸ் இன்னும் குறையும். ஒரு மணி நேரம் இப்படியே சுற்றிச் சுற்றி அரை கிலோ கொட்டை போய்விடும். இதைத் தவிர்க்க ஒரே வழிதான்: ஒவ்வொரு முறை திருகிய பிறகும் எடை போட்டு நேரத்தைத் திருத்துங்கள். 17.1 கிராமை 6 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 2.85 கிராம். 18-ஐ 2.85-ஆல் வகுத்தால் 6.3 வினாடி. டைமரை 6.3-க்கு மாற்றி, 18 கிராம் வருகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் அடுத்த ஷாட்.

நேரம் சரியானதும் நாக்கால் பாருங்கள். நாக்கின் ஓரத்தைக் கூச வைக்கும் புளிப்பும் நீர்த்த தன்மையும் இருந்தால் இன்னும் கொஞ்சம் நைஸ். கசப்போடு தொண்டையை வறட்டினால் கொஞ்சம் பெரிது. ஒரே ஷாட்டில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்து, அடியில் ஒரு பக்கம் பீய்ச்சியடித்தால் கிரைண்டரைத் தொடாதீர்கள். அது தூளைச் சமமாகப் பரப்பாததாலோ டேம்ப் (தூளை அழுத்துவது) சாய்ந்ததாலோ வருவது.

காலையில் சரியாக வைத்தது நாள் முழுக்க நிற்காது. கூட்ட நேரத்தில் பர் சூடேறி, கொட்டையும் சூடாகும். குளிர்ந்த கொட்டை நைஸாகவும் சீராகவும் அரைபடுகிறது என்று 2016-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. சூடான கொட்டைக்கு நேர்மாறு. எனவே 9 மணி வாக்கில் ஷாட் பெரும்பாலும் வேகமாக ஓடத் தொடங்கும். மழை நாளின் ஈரப்பதமும் கணக்கை மாற்றும். கடை திறக்கும்போது, கூட்டத்தின் நடுவில், மாலையில் என மூன்று முறை எடையும் நேரமும் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கிரைண்டரை மெஷினின் சூடு படாமல் ஒரு கை அகலமாவது தள்ளி வையுங்கள், ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். ஹாப்பரில் (மேலே கொட்டை போடும் கலம்) இரண்டு மூன்று மணி நேரத்துக்கான கொட்டை போதும். அதே சமயம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள். மேலிருந்து அழுத்தும் எடை குறைந்தால் கொட்டை பர்ரின் மேல் துள்ளும், டோஸ் தாறுமாறாகும்.

சிக்கரி விஷயத்துக்கு வருவோம். சிக்கரித் தூள் தண்ணீர் பட்டதும் உப்பிப் பிசுபிசுக்கும். ஃபில்டரில் டிகாக்ஷனைக் கெட்டியாக, மெதுவாக இறக்குவதும் அந்தக் குணம்தான். 9 பார் அழுத்தத்தில் அது பாஸ்கெட்டை அடைத்துவிடும். துண்டாகப் போட்டு அரைத்தால் பர்ரிலும் ஒட்டும். கடையில் அரைத்து வாங்கிய தூளையும் ஹாப்பரில் போடக் கூடாது. நம் ஊர் நாக்குக்கு வேண்டிய கெட்டித்தன்மை ரோபஸ்டாவிலிருந்தே கிடைக்கும். அரபிகாவில் பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி தரத்தோடு நல்ல கழுவிய ரோபஸ்டா 20 முதல் 30 சதவீதம் கலந்து, நடுத்தரத்துக்குச் சற்று மேலே வறுத்து வாங்குங்கள். எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கருக வறுத்தது ஹாப்பரையும் பர்ரையும் பிசுக்காக்கிவிடும். வறுத்து 7 நாளாவது ஆன கொட்டை நல்லது, அதற்கு முன் வாயு அதிகம். சிக்கரி காபி கேட்பவருக்கு ஃபில்டரில் தனியாக டிகாக்ஷன் போட்டுக் கொடுங்கள். அதற்கான தூளை இந்த கிரைண்டரில் அரைக்காதீர்கள். ஒரே கிரைண்டரை ஃபில்டருக்கும் எஸ்பிரெசோவுக்கும் மாற்றி மாற்றித் திருகினால் தினமும் இரண்டு முறை டயல் இன் செய்ய வேண்டிவரும்.

மூட்டையைப் பிரித்ததும் ஒரு தட்டில் பரப்பிக் கல் பொறுக்குங்கள். ஒரு சின்னக் கல் போதும், புது பர்ரின் பல் உடைந்துவிடும்.

சுத்தம்: இரவு ஹாப்பரைக் காலி செய்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள், தூள் விழும் வாயைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாரம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் பர்ரைக் கழற்றி, பிரஷ்ஷும் வாக்குவம் கிளீனரும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் படவே கூடாது. திரும்பப் பூட்டும்போது காலரை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். மரை 'டக்' என்று உட்கார்ந்தபின் சரியான திசையில் திருகுங்கள். நேரடியாகத் திருகி மரை ஏறுமாறாகக் கடித்துக்கொண்டால் பித்தளைக் காலர் போய்விடும், அது பர்ரைவிடப் பெரிய செலவு. பச்சரிசி போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்று சொல்வார்கள். வேண்டாம். வறுத்த கொட்டையைவிட அரிசி கடினம், மோட்டாருக்குப் பாரம். இதற்கென்றே தானியத்தில் செய்த வில்லைகள் கிடைக்கின்றன. 40 கிராம் அளவு அரைத்து, பிறகு இரண்டு மூன்று டோஸ் கொட்டை ஓட்டிக் கொட்டினால் போதும்.

பர் தேய்ந்ததைக் கிலோ கணக்கு மட்டுமல்ல, அறிகுறிகளும் சொல்லும். மாதத்துக்கு மாதம் காலர் நைஸ் பக்கமே நகர்ந்துகொண்டிருக்கும், தூள் சூடாகக் கட்டிகட்டியாக விழும், காபியில் வாசனை மந்தமாகும். புதுசு மாட்டும்போது பர் உட்காரும் இடத்தைத் துளித் தூள்கூட இல்லாமல் துடையுங்கள். அடியில் சிக்கிய ஒரு துகள் பர்ரைச் சாய்த்துவிடும், ஒரு பக்கம் நைஸ், மறுபக்கம் பெரிது என்று அரைக்கும். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாற்றி இறுக்குங்கள். முதல் சில கிலோவுக்குப் புது பர் நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ரோஸ்டரிடம் பழைய கொட்டை மலிவாகக் கேட்டு வாங்கி ஓட்டிவிடுங்கள்.

இலவசமாக வரும் அந்த 50 மி.மீ. கிரைண்டரை முடிந்தால் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்கி வையுங்கள். பெரிய கிரைண்டர் பழுதாகிற நாளில் கடையை ஓட்ட உதவும், மற்ற நாட்களில் டீகாஃப் (காஃபின் நீக்கிய கொட்டை) அரைக்கலாம். ஆனால் மாதம் ஒரு முறையாவது உங்கள் கொட்டையைப் போட்டு டயல் இன் செய்து, காலர் நின்ற எண்ணையும் டைமர் வினாடியையும் அதன் மேலேயே ஒட்டி வையுங்கள்.