அமெரிக்கத் தென் மாநிலங்களின் வெள்ளை விவசாயிகள் எல்லோருமே அடிமைமுறைக்காகத்தான் போரிட்டார்களா?

இல்லை. ஒரே ஒரு விவசாயியின் குடும்பக் கதையைச் சொல்கிறேன்: மிசிசிப்பி மாநிலம் ஜோன்ஸ் கவுண்டியைச் சேர்ந்த நியூட்டன் நைட். அடிமைமுறையை விடாமல் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரைப் படிக்கப்போய் நான் இவரிடம் வரவில்லை. 1901இல் கல்கத்தாவுக்கு மிஷனரியாக வந்த ஆனா நைட் என்ற கறுப்பினப் பெண்மணியைப் பற்றிப் படித்தேன். அவருடைய பாட்டி ரேச்சல் யார் என்று தேடினேன். அங்கே இவர் நின்றார்.

நியூட்டனின் தாத்தா ஜாக்கி நைட், அந்த வட்டாரத்தில் அடிமைகளை நிறைய வைத்திருந்த பெரிய கை. ஆனால் அப்பா ஆல்பர்ட்டிடம் அடிமைகள் கிடையாது, நியூட்டனிடமும் கிடையாது. பைன் காட்டு மண்ணில் பெரிய பருத்தித் தோட்டம் எடுபடாது. மக்காச்சோளம் போட்டு, பன்றியையும் மாட்டையும் காட்டில் மேயவிட்டுப் பிழைக்கும் ஊர். 1860இல் மிசிசிப்பி மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். ஜோன்ஸில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். 1858இல் செரீனாவைக் கட்டிக்கொண்டு அவரும் அப்படியே ஏர் பிடித்துக்கொண்டிருந்தார்.

1862இல் நியூட்டன் தென் மாநிலங்களின் படைக்குப் போனார். அந்த அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் என்ற கணக்கில் போரிலிருந்து விலக்கு. 'பணக்காரன் சண்டை, ஏழை சாவு' என்று ஊரே கரித்துக்கொட்டியது. வீட்டிலோ பெண்கள் தனியாக உழ வேண்டிய நிலை. படைக்கென்று வந்தவர்கள் குதிரையையும் தானியத்தையும் தூக்கிப் போனார்கள். நியூட்டன் படையை விட்டு ஓடி வந்துவிட்டார். ஆரம்பத்தில் அவருக்கு இருந்தது பெரிய கொள்கை எல்லாம் இல்லை, வயிற்றெரிச்சல்தான் என்பது என் கணிப்பு.

1863 அக்டோபரில் ஓடிவந்த விவசாயிகள் ஒன்றுகூடி அவரைக் கேப்டன் ஆக்கினார்கள். லீஃப் ஆற்றுச் சதுப்பில் பதுங்கல். ஒருவரையொருவர் கூப்பிட மாட்டுக்கொம்பு ஊதல். சோறு கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரேச்சல். ஜாக்கித் தாத்தா 1861இல் இறந்ததும் அவருடைய மகன் ஜெஸ்ஸியின் கைக்குப் போன அடிமைப்பெண் அவர். வேட்டைநாய்களுக்கு மோப்பம் தெரியாமல் இருக்கப் பாதையில் மிளகாய்ப்பொடி தூவுவார்களாம். 1864 ஏப்ரலில் இவர்களைப் பிடிக்கத் தென் மாநிலங்களின் கர்னல் ராபர்ட் லோரியின் படை வந்து பத்துப் பேர் வரை தூக்கில் போட்டது. அந்த லோரி பிறகு மாநில ஆளுநராகவே ஆனார், அது வேறு கதை.

சரி, இதோடு முடிந்திருந்தால் இவர் இன்னொரு போர்க்கால வீரர், அவ்வளவுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது போருக்குப் பிறகு நடந்ததுதான். ரேச்சலும் பிள்ளைகளும் நியூட்டனின் நிலத்திலேயே குடியிருந்தார்கள். அவருக்கும் ரேச்சலுக்கும் பிள்ளைகள் பிறந்தன. ரேச்சல் பெயருக்கு 160 ஏக்கர் எழுதிக்கொடுத்தார். நம் ஊரில் ஒரு சென்ட் எழுதி வைக்கவே எத்தனை பஞ்சாயத்து நடக்கும் என்று பாருங்கள்! அப்புறம் செரீனா பெற்ற மாட், மோலி இருவரும் ரேச்சலுக்கு ஏற்கெனவே இருந்த பிள்ளைகளான ஃபேனி, ஜெஃப்ரி இருவரையும் மணந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி. செரீனா இதையெல்லாம் எப்படித் தாங்கினாரோ! கதை சொல்பவர்கள் அவரைச் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள்.

ரேச்சலைத் தேடும்போது ஒன்று கவனித்தேன். 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் போன்ற விவரங்கள் மட்டும். அடிமையின் பெயரை எழுத இடமே இல்லை. 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்களுக்குப் பெயர் வருகிறது. ஆகவே அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் வம்சத் தேடல் பெரும்பாலும் அந்த வருடத்தில் வந்து முட்டி நிற்கும்.

ரேச்சல் 1889இல் இறந்தார். நியூட்டன் 1922இல். சொந்த மகன் அவரை வீரன் என்று புத்தகம் எழுதினார், உறவுக்காரப் பெண் ஒருவர் துரோகி என்று எழுதினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே இடுகாட்டில் இருக்கக்கூடாது என்ற காலத்தில், ரேச்சல் இருக்கும் அதே மேட்டில்தான் அவரைப் புதைத்தார்கள்.

விஷயம் அங்கேயும் அடங்கவில்லை. அவர்கள் இருவருக்கும் கொள்ளுப்பேரனான டேவிஸ் நைட், இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்தவர். வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததற்காக 1948இல் அவர்மேல் வழக்கு. எட்டில் ஒரு பங்கு கறுப்பின ரத்தம் இருந்தாலே அந்தத் திருமணம் குற்றம் என்றது சட்டம். டேவிஸின் எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகளில் ரேச்சல் ஒருவர். ஆக, செத்து ஏறக்குறைய 60 வருடம் ஆன ரேச்சல் முழுக்கக் கறுப்பினத்தவரா இல்லையா என்பதுதான் வழக்கே. நியூட்டனின் வயதான மகனே கூண்டேறிச் சாட்சி சொன்னார். ஐந்து வருடச் சிறை என்று தீர்ப்பு. மாநில உச்ச நீதிமன்றம் 1949இல் அதை ரத்து செய்தது. சட்டம் தவறு என்று அல்ல, எட்டில் ஒரு பங்கை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று.