1950-களின் ஜான்சன் அவுட்போர்டு மோட்டாரில் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) பிரஷர் டேங்கை எடுத்துவிட்டு ஃபியூவல் பம்ப் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். காட்சிக்கு வைக்காமல் ஏரியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் மாற்றுங்கள் என்றே சொல்வேன். இங்கே விஸ்கான்சினில் என்னிடம் இருக்கும் 1956 ஜான்சன் 10 ஹெச்பி மோட்டார் இப்படி மாற்றியதுதான். வெயில்காலம் முழுக்க மீன்பிடிக்க அதில்தான் போகிறேன்.

ஜான்சன், எவின்ரூட் இரண்டும் அப்போது ஒரே நிறுவனத்தின் பிராண்டுகளாக இருந்தன. 1950-களில் வந்த அவர்களுடைய மோட்டார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்பே கிடையாது. டேங்கிலிருந்து மோட்டாருக்கு ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை ஹோஸ் போகும். ஒன்றின் வழியே கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை) காற்று டேங்குக்குள் போய் அழுத்தும். அந்த அழுத்தத்தில் இன்னொன்றின் வழியே பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஏறும். அதாவது, ஓட்டுகிற நேரமெல்லாம் உங்கள் காலடியில் இருப்பது காற்றடைத்த பெட்ரோல் டேங்க். மூடி காஸ்கெட் இற்றுப்போனால் மோட்டார் நின்றுவிடும், அது பரவாயில்லை. பெட்ரோல் ஹோஸ் விரிசல் விட்டால் படகுக்குள்ளேயே பீய்ச்சும். அறுபது, எழுபது வருஷப் பழைய டேங்கை நம்பிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனசு வராது.

பம்ப் வாங்குவது சுலபம். மிகுனி பிராண்டு போன்ற சின்ன டயாஃப்ரம் பம்ப் (உள்ளே ஒரு மெல்லிய சவ்வு அசைந்து பெட்ரோலைத் தள்ளும்) போதும். பெட்ரோல் உள்ளே வர ஒரு முனை, வெளியே போக ஒரு முனை, மூன்றாவது பல்ஸ் முனை. வேலையெல்லாம் இந்த மூன்றாவதில்தான். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸ் ஊதும், ஏறும்போது உறிஞ்சும். இரண்டும் மாறி மாறி வந்தால்தான் டயாஃப்ரம் அசையும். பழைய அமைப்பிலோ இரண்டு சிலிண்டரின் காற்றும் செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் வால்வு) வழியாக வந்து ஒரே முனையில் சேர்கிறது. அங்கே ஊதல் மட்டும்தான் இருக்கும், உறிஞ்சல் இருக்காது.

அதனால் கார்புரேட்டரையும் அதன் பின்னால் உள்ள இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றி, செக் வால்வுகளை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு சிலிண்டரின் காற்றுத் துளையை முழுக்க அடைத்து, மற்றதைத் திறந்தே விடுங்கள். மரை போட்டுச் சின்ன திருகு வைத்து அடைப்பது எனக்குப் பிடித்த வழி. பெட்ரோல் தாங்கும் எபாக்ஸியும் சரிதான், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. இரண்டு துளையையும் திறந்து விடவே விடாதீர்கள். பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடுவதால் ஒன்று ஊதும்போது இன்னொன்று உறிஞ்சும். பம்புக்கு ஒன்றும் மிஞ்சாது, மோட்டாரும் ஒழுங்காக ஓடாது.

புது காஸ்கெட்டோடு மேனிஃபோல்டைப் பூட்டியதும், பம்பை மாட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, காற்று முனையை விரலால் மூடிக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுங்கள். விரலைத் தள்ளுவதும் இழுப்பதும் இரண்டும் தெரிய வேண்டும். தள்ளல் மட்டும் தெரிந்தால் வால்வு இன்னும் உள்ளே இருக்கிறது.

அந்தக் காற்று முனையைப் பம்பின் பல்ஸ் முனையோடு இணைக்கும் பல்ஸ் ஹோஸ் குட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். நீளமான, தொளதொள ஹோஸ் பல்ஸைத் தானே விழுங்கிவிடும். டேங்குக்கு ஒற்றை ஹோஸ், காற்றுத் துளை உள்ள சாதா டேங்க், கையால் அமுக்கும் பிரைமர் பல்ப். பல்பில் இருக்கும் அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள்.

எலெக்ட்ரிக் பம்ப் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் வைக்க மாட்டேன். மோட்டார் நின்ற பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வரவை அடைக்கும் கார்புரேட்டர் ஊசி சிக்கினால் பெட்ரோல் வழிந்துவிடும்.

ஆயில் கலவை மாறாது. 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஆயில், முன்பு போலவே. கழற்றிய வால்வுகளையும் பழைய டேங்கையும் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் மோட்டாரை விற்க நேர்ந்தால் சேகரிப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.