கோக்கர்ஸ் வாக்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கின் பழைய கதையை மட்டும் கேளுங்கள். ரூம் வாடகை, ஜீப் வாடகைக்கெல்லாம் ஆள் நானில்லை.

கே: அண்ணா, யார் அந்தக் கோக்கர்?

ப: ராணுவப் பொறியாளர், லெப்டினன்ட். மதுரை மாவட்டத்தில் பணியில் இருந்தபோது, 1872 வாக்கில் தென்கிழக்குச் சரிவின் விளிம்போடு இந்த நடைபாதையை வெட்டினார். நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். ஏரி அதற்கு முன்பே, 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் காலத்தில் வந்துவிட்டது.

கே: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

ப: வாசலில் எழுதியிருக்கும்.

கே: மேகத்தில் நம் நிழலே பேய் மாதிரி தெரியுமாமே?

ப: பேயெல்லாம் இல்லை. சூரியன் முதுகுப் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனி நிற்க வேண்டும். அப்போது உங்கள் நிழல் பனியில் விழும், தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். பிராக்கன் நிழல் என்பார்கள். பாதை பார்ப்பது தென்கிழக்கு, அதனால் மாலையில்தான் வாய்ப்பு. அதற்காகக் கம்பியைத் தாண்டி நிற்காதீர்கள். பனிக்குப் பின்னால் தரை இருக்காது.

கே: குணா குகை இங்கிருந்து எந்தப் பக்கம்?

ப: அது தூண் பாறைப் பக்கம். இங்கே இல்லை.

கே: ஐயா, 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற வெள்ளைக்காரர் கண்டுபிடிக்கும்வரை கொடைக்கானல் வெறும் காடுதானே?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். நில அளவைக்கு வந்த வார்டு எங்கிருந்து ஏறினார்? வெள்ளகவி கிராமத்திலிருந்து. கீழே ஊர் இருந்தது, ஆள் இருந்தார்கள், மேலே ஏற வழியும் இருந்தது. பளியர்கள் இந்தக் காட்டுக்காரர்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கிறார். தாண்டிக்குடிப் பக்கம் போனால் பெருங்கற்காலக் கல்திட்டைகள், அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழைய ஈமச் சின்னங்கள். இவ்வளவும் இருக்க, 'கண்டுபிடித்தார்' என்று எப்படிச் சொல்வது? அளந்தார் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கே: கிராமம் வேறு, நகரம் வேறு. நகரத்தை அமைத்தது வெள்ளைக்காரர்கள்தானே? (மேலே கேட்ட அதே நபர்)

ப: சரி, நகரத்துக்கே வருவோம். அதிலும் முதலில் வீடு கட்டியது ஆங்கிலேயர் இல்லை, மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியில் காய்ச்சலும் காலராவும் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயின. சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்கள் எழுந்தன. அவர்களை டோலியில் சுமந்து ஏற்றியவர்கள் யார்? மோட்டார் போகிற ரோடு திறந்தது முதல் உலகப் போர்க் காலத்தில். அதுவரை பெரும்பாலும் கூலியாட்களின் தோளில்தான் ஏறியது. அந்த ஆட்களின் பெயரில் இங்கே ஒரு பாதையாவது உண்டா?

கே: பெரியகுளத்துக்காரன் சொல்கிறேன், எங்கள் ஊர் அங்கிருந்து தெரியும்!

ப: தெரியும் தம்பி, வைகை அணையும் தெரியும். காலையில் மேகம் ஏறுவதற்குள் போனால். பத்து மணிக்குமேல் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கே: பிரையண்ட் பூங்கா?

ப: 1908, வனத்துறை அதிகாரி பிரையண்ட். நல்ல பூங்கா, கதை குறைவு.

கே: குணா குகைக்கு இங்கிருந்து நடந்தே போகலாமா?

ப: மேலே ஏற்கெனவே சொன்ன பதிலைப் படியுங்கள். கம்பியையும் தாண்டாதீர்கள்.