‘ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சாச்சு’: விசா படிவத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். 2016-ல் கங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் நடந்த ஒரு கைகலப்பில் என் மீதும் கேஸ் போட்டார்கள். பிரிவு 294(b), 323, 506(1), அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, அதோட முடிஞ்சுது” என்றார்கள். 1,500 ரூபாய் கட்டினேன். இப்போது இங்கிலாந்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்கும்போது ‘இல்லை’ என்றுதான் போட்டேன். விசாவிலும் அப்படியே போடலாம் என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

நம் பக்கத்தில் பெட்டி கேஸில் மாட்டிய பாதிப் பேருக்குத் தாங்கள் ‘தண்டிக்கப்பட்டவர்கள்’ என்பதே தெரியாது. உள்ளே போனால்தான் தண்டனை, ஃபைன் என்பது ஏதோ வரி கட்டுவது மாதிரி என்று நினைக்கிறார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அது தண்டனைத் தீர்ப்புதான். தொகை நூறு ரூபாயாக இருந்தாலும் அப்படித்தான்.

பாஸ்போர்ட்டில் நீங்கள் போட்ட ‘இல்லை’ தப்பில்லை, பயப்பட வேண்டாம். கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றீர்களா, இப்போது கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்றுதான் அந்தப் படிவம் கேட்கிறது. இரண்டுமே உங்களுக்குப் பொருந்தாது. பிரிட்டிஷ் விசா படிவத்தின் வலை பெரியது. எந்த நாட்டிலாவது, எப்போதாவது குற்றத் தீர்ப்பு உண்டா என்று கேட்கும். வண்டி ஓட்டிய குற்றங்களைக்கூட விடாது. அங்குள்ளவர்களுக்குப் பழைய சில்லறைத் தண்டனைகள் சில காலம் கழிந்தால் காலாவதியாகிவிடும். அந்தச் சலுகை விசா விஷயத்தில் கிடையாது, 2012-லேயே எடுத்துவிட்டார்கள்.

சரி, உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு விசாவை மறுத்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் விதி. வெறும் அபராதம் அந்தக் கட்டத்துக்குள் வராது. கொடுக்கலாம், மறுக்கலாம், அதிகாரியின் முடிவு. பல வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு தள்ளுமுள்ளு, அதன்பின் எந்தக் கேஸும் இல்லை, கையில் நர்ஸ் வேலை என்றால் நியாயமான நம்பிக்கை வைக்கலாம் என்பது என் கருத்து. ‘இல்லை’ என்று போட்டு மாட்டினால் கதையே வேறு. ஏமாற்றியதாகப் பதிவாகி, 10 ஆண்டு வரை கதவு மூடிவிடும். ஏஜென்ட் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

மறைக்கவும் வழியில்லை. நர்ஸ் விசாவுக்கு போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட், அதாவது பிசிசி கட்டாயம். கட்டணம் 500 ரூபாய். அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையங்களிலேயே 2022 முதல் விண்ணப்பிக்கலாம் என்பதால் இதற்காகச் சென்னை வரை போக வேண்டியதில்லை. ஆனால் விசாரணை உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வரும். அங்கே இன்னொரு சிக்கல்: கோர்ட்டில் முடிந்த கேஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் இன்னும் ‘நிலுவை’ என்றே கிடக்கும். போலீஸ்காரர் வீட்டுக்கு வருவதற்குள் தீர்ப்பு நகலோடு நீங்களே போய்க் காட்டிவிடுங்கள்.

அந்த நகல்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். மடித்து மடித்து எழுத்தழிந்த ஃபைன் ரசீதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குடியாத்தம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். கோர்ட் கொடுத்த வழக்கு எண், அதாவது சி.சி. நம்பரோ எஸ்.டி.சி. நம்பரோ வேண்டும், தெரியாவிட்டால் எஃப்.ஐ.ஆர். நம்பரையும் வருடத்தையும் வைத்துத் தேடலாம். சிறு வழக்குகளின் கட்டுகளைச் சில வருடம் கழித்து அழித்துவிடுவதுண்டு. அப்படியானால் ‘கட்டு அழிக்கப்பட்டது’ என்று எழுத்தில் வாங்குங்கள், அதுவும் ஆவணம்தான். (ஆம்பூர், வாணியம்பாடி, அரக்கோணம்காரர்களுக்கு: 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்ததால் குழம்ப வேண்டாம், கேஸ் நடந்த கோர்ட்டில்தான் கேட்க வேண்டும்.) தீர்ப்பு தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், ‘மூலத்துக்குச் சரியானது’ என்ற உறுதி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

கூடவே ஒரு பக்கக் கடிதம். எந்த நாள், என்ன நடந்தது, எந்தப் பிரிவு, எவ்வளவு அபராதம், அதன்பின் வழக்கு இல்லை. அவ்வளவு போதும். “நான் சும்மா வேடிக்கை பார்த்தேன், பொய்க் கேஸ்” என்று எழுதாதீர்கள். ஒப்புக்கொண்டதாகத் தீர்ப்பு சொல்லும்போது கடிதம் வேறு சொன்னால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். பழைய ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவு எண்ணையே எழுதுங்கள், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் எண்ணைப் போட்டால் தீர்ப்போடு ஒத்துவராது.

“அந்தக் கேஸையே அழித்துத் தருகிறேன்” என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். நீங்களே ஒப்புக்கொண்ட வழக்கில் தண்டனையின் அளவையோ சட்டப்பூர்வத்தையோ தவிர வேறெதற்கும் அப்பீல் கிடையாது. கோர்ட்டில் ராஜியாகிப் போன உங்கள் நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்கள் நிலை வேறு; சட்டப்படி அது விடுதலைக்குச் சமம்.

கனடா பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கைகலப்பைவிடக் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ்தான் பெரிய தலைவலி. 2018 டிசம்பரிலிருந்து அதைக் கடுங்குற்ற வகையில் சேர்த்துவிட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று பாக்கி. பிரிட்டிஷ் நர்ஸிங் கவுன்சிலும் பதிவின்போது இதே கேள்வியைக் கேட்கும். அங்கே ஏற்கெனவே ‘இல்லை’ என்று போட்டிருந்தால், விசாவுக்கு முன் நீங்களே எழுதித் திருத்துங்கள். மருத்துவமனைக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். விசாவுக்காக அவர்கள் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்று 3 மாதம்தான் செல்லும். நகல் கைக்கு வரவே சில வாரம் ஆகலாம். ஆகவே முதலில் நகல் மனு, பிறகு பிசிசி, அதற்கப்புறம்தான் அந்தச் சான்றைக் கேட்க வேண்டும்.